குடிபோகிற நாளில் தொத்தோரியைக் காணோம்

போன வாரம் குமோக்கை விடியாத இருட்டில் தெருமுனையில் நிறுத்திவிட்டுப் போனோம். மார்போடு அணைத்த சோற்றுக் குக்கர், அதன் வயிறு நிறைய அரிசி, டாக்ஸிக்காக நீட்டிய ஒரு கை. பாவம், இந்த ஜனவரிக் குளிரில் ஒரு வாரமாக அப்படியே நிற்கிறாள். முதலில் அவளை வண்டி ஏற்றிவிடுவோம்.

ஏறினாள். ஆற்றுக்கு அக்கரையில், பதினோராவது மாடியில் இருந்த புது வீட்டைத் திறந்தாள். அடுப்படி நடுவில் குக்கரை வைத்தாள். "எங்க சோறு வந்தாச்சு. பின்னாலயே நாங்க வரோம்" என்று வெறும் சுவர்களிடம் சொல்லிவிட்டு அதே டாக்ஸியில் திரும்பினாள். புது வீட்டுக்குள் முதலில் நுழைய வேண்டியது சோற்றுப் பானை. அதற்கு முன்னால் ஒரு துடைப்பம்கூட வாசல் தாண்டக் கூடாது. இந்த விஷயத்தில் குமோக்கோடு வாதாடி ஜெயித்தவர்கள் தேஜோன் நகரத்திலேயே கிடையாது.

நாள் குறித்தவளும் அவள்தான். திக்குத் திக்காக அலைந்து குடிபோகிறவர்களின் காலை வாரிவிடுகிற சோன் என்ற பொல்லாத ஆவி, பூமியை விட்டு மேலே போய்விடும் நாள். மாதத்தில் ஐந்தாறு நாள்தான் அப்படி வாய்க்கும். அதில் சனிக்கிழமையும் சேர்ந்துகொண்டால் ஊரே மூட்டை கட்டும், சாமான் ஏற்ற ஆள் கிடைப்பது குதிரைக்கொம்பு.

"அக்கா, செவ்வாய்க்கிழமைன்னா சுலபமா கிடைக்கும்" என்று தம்பி தேஷிக் ஒரே ஒரு தரம் சொல்லிப் பார்த்தான்.

"செவ்வாய்க்கிழமை நீ போடா. சனிக்கிழமை நாங்க வரும்போது கதவைத் திறந்துவிடு."

அதோடு அவன் வாயை மூடிக்கொண்டான்.

குமோக்குக்கு ஐம்பத்தெட்டு வயது. கல்யாணம் காட்சி கிடையாது. இருபத்தாறு வருஷம் ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் அறுநூறு பிள்ளைகளுக்குச் சோறு போட்டு ஓய்வு பெற்றவள். அறுநூறு பிள்ளைகளின் இரைச்சலுக்கு மேலே எழும்பிப் பழகிய குரல், ஓய்வு பெற மறுத்துவிட்டது. பதினோரு வருஷமாக அந்தக் குரல் தம்பி வீட்டில்தான் ஒலிக்கிறது. தம்பி மனைவி ஹேரான், அவர்கள் மகள் சொல்பி, எல்லோரும் அந்தக் குரலுக்குள்தான் குடியிருக்கிறார்கள்.

ஏழரை மணிக்கு அவள் திரும்பியபோது, சாமான் இறக்குகிற ஏணி வண்டி ஐந்தாவது மாடி வராந்தாவுக்குத் தன் நீளக் கழுத்தை நீட்டியிருந்தது. சன்னல்கள் எல்லாம் கழற்றி வைக்கப்பட்டு வீடு ஆவென்று திறந்து கிடந்தது. தரைக்கு அடியில் ஓடுகிற வெந்நீர்ச் சூட்டை அணைத்துவிட்டார்கள். உள்ளே நின்று பேசினாலும் வாயிலிருந்து புகை வந்தது.

"அண்ணி, சோறு போய்ச் சேந்துச்சா?" என்றாள் ஹேரான், கையில் ஒட்டு நாடாவோடு.

"சேந்துச்சு, சேந்துச்சு. ஏய், அந்தத் தட்டையெல்லாம் யாரு அடுக்கினது? இப்படியா அடுக்குவாங்க?"

"நான்தாம்மா" என்றார் சாமான் ஏற்றும் ஆட்களின் தலைவர் பியோ. அறுபது வயது, குட்டையான உருவம், பின்னல் தொப்பி. "முப்பது வருஷமா இப்படித்தான் அடுக்குறேன். இதுவரைக்கும் ஒரு தட்டும் என்னைக் கோவிச்சுக்கல."

குமோக் அவரை முறைத்துவிட்டு அடுத்த அறைக்குப் போனாள்.

ஒன்பது மணிக்குச் சொல்பியின் அலறல் கேட்டது.

பதினோரு வயதுப் பெண் அவள். வாசல் பக்கத்துச் செருப்பு அலமாரிக்குமேல் வைத்திருந்த கூண்டின் முன்னால், மிட்டாய் நிறக் கோட்டோடு நின்றுகொண்டிருந்தாள். கூண்டுக் கதவு ஒரு விரல் அகலம் திறந்திருந்தது. சக்கரம் சும்மா நின்றது. மரத்தூளில் தூங்கின குழி அப்படியே இருந்தது. தூங்க வேண்டிய ஆளைத்தான் காணோம்.

"அம்மா! தொத்தோரி இல்லம்மா!"

தொத்தோரி என்பது ஒன்றரை வயது ஹாம்ஸ்டர். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் பழுப்பு உருண்டை. ஓக் மரத்துக் கொட்டை மாதிரி இருந்ததால் அந்தக் கொட்டையின் பெயரையே சொல்பி வைத்துவிட்டாள்.

"நேத்து நீதானே கடைசியா தீனி போட்ட?" ஹேரானுக்கு அன்று பொறுமை குறைவு. "கதவை அழுத்தி மூடுன்னு எத்தனை தரம் சொல்லியிருக்கேன்? இன்னிக்குன்னு பாத்தா?"

சொல்பி யோசித்தாள். கூண்டுக் கதவைத் தொட்டுப் பார்த்தாள். "மூடினேன்னுதான் நினைச்சேன்... நான்தான் சரியா மூடல போல."

அடுத்த அறையில் போர்வைகளை மடித்துக்கொண்டிருந்த குமோக்கின் கை நின்றுபோனது.

கண்ணுகளா, இனி உங்களுக்கு ஒரு விஷயம் தெரிந்தாக வேண்டும். இந்த வீட்டில் வேறு யாருக்கும் தெரியாது.

அந்த ஹாம்ஸ்டர் வீட்டுக்கு வந்த அன்று குமோக் போட்ட சத்தம் ஆறாவது மாடி வரைக்கும் கேட்டது. "எலியைத் துரத்தத்தான் காசு கொடுப்பாங்க, காசு கொடுத்து எலியை வாங்குவாங்களா?" என்றாள். "இது கூண்டை விட்டு ஒரு அடி வெளிய வந்துச்சு, நானும் வெளிய போயிருவேன்" என்று சட்டமும் போட்டாள். ஒன்றரை வருஷமாக அந்தச் சட்டத்தைச் சொல்பி மீறியதே இல்லை. கூண்டுக்குள் கையை விட்டு அதைக் கொஞ்சுவாள், வெளியே எடுக்க மாட்டாள்.

சட்டத்தை மீறியது சட்டம் போட்டவள்தான்.

அவளுக்குப் பள்ளிக்கூடச் சமையல்காரியின் தூக்கம். நாலரைக்கெல்லாம் விழித்துவிடும். வீடே உறங்கும்போது விழித்திருப்பது அவளும் அந்த எலியும்தான். ஒருநாள் கம்பி வழியாக ஒரு சூரியகாந்தி விதை கொடுத்தாள். அப்புறம் விரலை நீட்டினாள். அப்புறம் கதவைத் திறந்தாள். ஒரு வருஷமாகத் தினமும் விடியற்காலையில் அரைமணி நேரம் தொத்தோரி சமையலறைத் தரையில் உலா போகும், குமோக் கீழே உட்கார்ந்து பயறு ஆய்ந்தபடி அதோடு பேசிக்கொண்டிருப்பாள். உலாவிவிட்டு அது, முட்டைக்கோஸ் ஊறுகாய்க்கென்றே இருக்கிற குளிர்பெட்டியான கிம்ச்சிப் பெட்டிக்குப் பின்னால் போய்விடும். அங்கே மோட்டார் கதகதவென்று இருக்கும். குமோக் ஒரு சிறிய தகரக் கிண்ணத்தில் விதையைப் போட்டுக் குலுக்கினால் குடுகுடுவென்று ஓடிவந்து அவள் கையில் ஏறிக்கொள்ளும்.

இன்று காலையிலும் அப்படித்தான் வந்தது. ஆனால் டாக்ஸிக்கு நேரமாகிவிட்டதே என்கிற அவசரத்தில், சோற்றுக் குக்கர் ஒரு கையில் இருக்க, மறு கையால் கூண்டைச் சாத்தினாள். கிளிப் விழுந்த சத்தம் கேட்டதா? இப்போது நினைத்து நினைத்துப் பார்க்கிறாள். கேட்டதாக ஞாபகமில்லை.

சொல்லிவிடலாம். வாயைத் திறந்தால் முடிந்தது. ஆனால் பதினோரு வருஷமாக இந்த வீட்டில் எல்லோருடைய தவறையும் சுட்டிக்காட்டிய வாய் அது. அதற்குத் திறக்கத் தெரியவில்லை.

'கண்டுபிடிச்சுட்டா யாரு மூடலன்னு யார் கேக்கப்போறாங்க?' என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். 'முதல்ல கண்டுபிடிப்போம்.'

இதற்குள் பியோ நடுக்கூடத்துக்கு வந்து இரண்டு கையையும் தூக்கிவிட்டார்.

"யாரும் நகராதீங்க! அவங்கவங்க நின்ன இடத்துலயே நில்லுங்க. டேய், ஏணியை நிறுத்து. வாசக்கதவைச் சாத்து. அம்மா, கக்கூஸ் மூடியை மூடுங்க. இனிமே சோபா, பெட்டி, மெத்தை எதைத் தூக்கினாலும் முதல்ல குனிஞ்சு பாக்கணும். மெத்தைக்கடியில இருந்து நசுங்கிடக் கூடாது."

"உங்களுக்கு இதெல்லாம் பழக்கமா?" என்றான் தேஷிக், ஒரு காலைத் தூக்கியபடியே நின்று.

"வீடு மாத்துறப்போ நான் தேடாதது எது? மூணு பூனை, ஒரு ஆமை, ஒருதரம் ஒரு மாமனார். காலைக் கீழ வைங்க சார், பரவாயில்ல."

சொல்பி அழுகையினூடே சிரித்துவிட்டாள்.

பியோ அவளையே வேலைக்கு வைத்துக்கொண்டார். ஒவ்வொரு அறையிலும் சுவரோரமாகப் பத்துப் பத்து விதை. எண்ணி வைத்துக் கதவைச் சாத்தி, அடியிடுக்கில் துணியைத் திணித்தார்கள். "ஓடிப்போனது நடுவுல ஓடாதும்மா, சுவரை ஒட்டித்தான் போகும். கூப்பிடாத. துரத்தாத. கால் மணி நேரம் கழிச்சு எண்ணிப் பாப்போம். எந்த ரூம்ல குறையுதோ அங்க இருக்கான்னு அர்த்தம்."

கால் மணி நேரம் வீடே மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அந்த அமைதியில் எங்கோ மெல்லிய சத்தம். கிலுக், கிலுக்.

பியோ தலையைச் சாய்த்துக் கேட்டார். சத்தம் குமோக்கின் கோட்டுப் பையிலிருந்து வந்தது.

"பையில என்னம்மா?"

"சாவிக்கொத்து" என்றாள் குமோக், தகரக் கிண்ணத்தை இறுகப் பிடித்துக்கொண்டு.

"ஓ" என்றார் பியோ. நம்பியவர் மாதிரித் தெரியவில்லை.

கதவுகளைத் திறந்து எண்ணினார்கள். பத்து, பத்து, பத்து. எந்த அறையிலும் ஒரு விதைகூடக் குறையவில்லை.

கூட்டம் கூடத்தில் இருக்கும்போதே குமோக் நைசாகச் சமையலறைக்குள் நுழைந்தாள். மூலையைப் பார்த்தாள்.

கிம்ச்சிப் பெட்டி அங்கே இல்லை. அது நின்ற இடத்தில் சதுரமாகத் தூசி. தூசியில் விதைத் தோல்கள், கறுப்பு எள்ளுப் போலச் சில புழுக்கைகள். அதில் ஒன்று புதிது.

"இங்க இருந்த பெட்டி எங்க?" குரல் அவளையறியாமல் உயர்ந்தது.

"அதுதானே முதல்ல இறங்குச்சு" என்றார் பின்னாலேயே வந்த பியோ. "ஏழு மணிக்கே லாரியில ஏறிடுச்சு. கனமானது எப்பவும் உள்பக்கம். அதை மறைச்சு ரெண்டு அலமாரி, துணி துவைக்கிற மெஷின், புத்தகப் பெட்டி இருபத்தாறு."

குமோக் செருப்பை மெல்ல நகர்த்தி அந்தப் புழுக்கையை மறைத்தாள். நான் சொல்வதைக் கேட்டு அவளை வெறுத்துவிடாதீர்கள். பயந்தவர்களின் கால் இப்படித்தான் நகரும்.

"அதை இறக்கணும்."

"எதுக்கும்மா?"

"உள்ள... கிம்ச்சித் தண்ணி ஒழுகும். மத்த சாமானெல்லாம் நாறிடும்."

"டப்பாவையெல்லாம் நானே எடுத்து, துடைச்சு, காய வெச்சேன். உள்ள ஈரமே கிடையாது."

"மோதிரம் விழுந்திருக்கும்."

பியோ அவள் கையைப் பார்த்தார். வாழ்நாளில் மோதிரமே போடாத கை. "அதை இறக்கணும்னா பாதி லாரியைக் காலி பண்ணணும். ஒரு மணிக்கு இங்க வேற குடும்பம் வருது. என் பசங்க கேப்பாங்க, எதுக்குன்னு. நான் என்ன சொல்லட்டும்?"

அவள் வராந்தாவுக்குப் போய் எட்டிப் பார்த்தாள். கீழே லாரியின் கூரையில் உறைபனி வெள்ளையாகப் படிந்திருந்தது. மின்சாரம் பிடுங்கப்பட்ட பெட்டி. அதில் கதகதப்பு ஏது? ஏழு மணியிலிருந்து மூன்று மணி நேரம் ஆகிறது.

திரும்பியபோது சொல்பி கூடத்துச் சுவரில் ஒரு தாளை ஒட்டிக்கொண்டிருந்தாள். புதிதாகக் குடிவருகிறவர்களுக்கு எழுதியது. குமோக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தாள்.

'வணக்கம். எங்கள் தொத்தோரி இந்த வீட்டில் எங்கேயோ ஒளிந்திருக்கிறது. தயவுசெய்து பொறி வைக்காதீர்கள். அது எலி இல்லை. சூரியகாந்தி விதை பிடிக்கும், வேகவைத்த பூசணி பிடிக்கும். பார்த்தால் பிடிக்காதீர்கள், ஒரு கோப்பையைத் தரையில் சாய்த்து வையுங்கள், தானாக ஏறும். சத்தம் பிடிக்காது. எங்கள் அத்தை கத்தினால்கூட ஒளிந்துகொள்ளும். கூண்டைச் சரியாக மூடாதது என் தப்பு, அதன் தப்பு இல்லை. அதைத் திட்டாதீர்கள்.'

கண்ணாடி பனித்துப்போனது. உள்ளேயிருந்தா, வெளியேயிருந்தா என்று கேட்காதீர்கள்.

குமோக் தாளைச் சுவரிலிருந்து பிய்த்தாள்.

"அத்தை!"

"பொய் எழுதி ஒட்டக் கூடாது. கூண்டை மூடாதது நீ இல்ல. நான்."

ஹேரான் கையிலிருந்த ஒட்டு நாடா உருண்டோடியது. தேஷிக் வாயைத் திறந்தபடி நின்றான்.

"என்ன எல்லாரும் பாக்குறீங்க? ஆமா, நான்தான். தினம் காலையில நான் அதை வெளிய விடுறேன். ஒரு வருஷமா. அது என்னோட சுத்தும், கிம்ச்சிப் பெட்டிக்குப் பின்னால போய்ப் படுத்துக்கும். இன்னிக்குக் கூண்டைச் சரியா சாத்தாம போயிட்டேன். அது பெட்டியோட லாரிக்குள்ள இருக்கு. இப்ப என்னைத் திட்டுறவங்க திட்டிக்கிட்டே கீழ இறங்குங்க!"

அறுநூறு பிள்ளைகளின் இரைச்சலுக்கு மேலே எழும்பின குரல் அது. பியோவின் ஆட்கள் இரண்டு பேர் எதற்கென்றே தெரியாமல் ஓட ஆரம்பித்தார்கள்.

மாடிப்படியில் இறங்கும்போது தேஷிக், "அக்கா, 'எலி வெளிய வந்தா நான் வெளிய போயிருவேன்'னு சொன்னியே..." என்று இழுத்தான்.

"போயிட்டுத்தானே இருக்கேன்! நட!"

தெருவில் பெரிய திருவிழாவே நடந்தது. அலமாரி இறங்கியது, மெஷின் இறங்கியது, புத்தகப் பெட்டிகள் கைமாறிக் கைமாறி நடைபாதையில் அடுக்கப்பட்டன. அதற்குள் புதுக் குடும்பத்தின் லாரி ஒன்றரை மணி நேரம் முன்னாலேயே வந்து ஹாரன் அடித்தது. அதன் ஓட்டுநர் இறங்கிச் சண்டைக்கு வந்தார். என்ன தேடுகிறார்கள் என்று கேட்டார். சொன்னார்கள். ஹாரனை நிறுத்திவிட்டு, கையுறையை மாட்டிக்கொண்டு அவரும் ஒரு பெட்டியைத் தூக்கினார்.

கடைசியில் கிம்ச்சிப் பெட்டி வெளிச்சத்துக்கு வந்தது.

"சாய்க்காதீங்க, நேரா வைங்க" என்றார் பியோ. பின்பக்கத் தகட்டின் திருகாணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார். மோட்டாருக்குப் பக்கத்து மூலையில் ஒரு பந்து இருந்தது. காலுறைப் பஞ்சு, டிஷ்யூ, கிழிந்த காகிதம் எல்லாம் சேர்த்துக் கட்டின கூடு. அதை இரு கையாலும் அப்படியே எடுத்து, விரலால் பிரித்தார்.

தொத்தோரி சுருண்டு கிடந்தது. ரோஜா நிற மூக்கு வெளுத்திருந்தது. பியோ மெல்லத் தொட்டார். கல்லாட்டம் சில்லென்று இருந்தது. மூச்சு தெரியவில்லை.

அவர் தொப்பியைக் கழற்றினார். ஆட்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

"சொல்பியை மேல கூட்டிட்டுப் போ" என்று தேஷிக் மனைவியிடம் கிசுகிசுத்தான். ஆனால் ஹேரான் ஏற்கெனவே போனைக் காதில் வைத்திருந்தாள். தெரு முனையிலிருந்த கால்நடை மருத்துவருக்கு. ஹேரான் அதிகம் பேசாத பெண். பேசாதவர்கள் வேலையை முன்னாலேயே செய்துவிடுவார்கள்.

"டாக்டர் சொல்றாங்க, குளிர்ல இதுங்க செத்த மாதிரி உறைஞ்சு போகுமாம். செத்துடுச்சுன்னு அவசரப்படாதீங்கங்கிறாங்க. வெந்நீர்ல போடக் கூடாது, முடி காயவைக்கிற மெஷினைக் காட்டக் கூடாது. உடம்புச் சூட்டுல மெதுவா, மெதுவா. மீசையையே பாத்துக்கிட்டு இருக்கச் சொல்றாங்க."

குமோக் கையை நீட்டினாள். யாரும் அவளோடு போட்டி போடவில்லை. கோட்டு, கம்பளிச் சட்டை, அதற்குள் இன்னொரு சட்டை என்று எல்லாவற்றையும் தாண்டி, தன் நெஞ்சின் சூட்டில் அதைக் கொண்டுபோய் வைத்துக்கொண்டாள். "ஐயோ, ஐஸ்!" என்று பல்லைக் கடித்தாள்.

காவலாளி தன் சின்ன அறையைத் திறந்துவிட்டார். அங்கே தரை சூடாக இருந்தது. அத்தையும் மருமகளும் தோளோடு தோள் சேர்த்து உட்கார்ந்தார்கள். குமோக்கின் காலரைக் கொஞ்சமாக விலக்கி, சொல்பி உள்ளே பார்த்துக்கொண்டே இருந்தாள்.

ஆட்களுக்கென்று சொல்லியிருந்த கறுப்பு நூடுல்ஸ் வந்து சேர்ந்தது. குடிபோகிற நாளில் அதைச் சாப்பிடாவிட்டால் குடிபோனதாகவே யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். ஆனால் கிண்ணத்தின் மேல் இழுத்துக் கட்டியிருந்த பிளாஸ்டிக்கை யாரும் பிரிக்கவில்லை. நூடுல்ஸ் ஊறி ஊறிக் கொழுத்தது.

"அத்தை."

"ம்."

"தினமும் அதோட என்ன பேசுவீங்க?"

"என்னத்தைப் பேசுறது? பயறு விலை. முட்டி வலி. உங்க அப்பன் குறட்டை."

"என்னைப் பத்தி?"

"உன் கணக்கு மார்க்கைப் பத்திப் பேசினேன். அதுக்கே தூக்கம் வந்துடுச்சு."

சொல்பி சிரிக்கவில்லை. "என்கிட்ட சொல்லியிருந்தா நானும் காலையில எழுந்திருப்பேனே" என்றாள்.

அதற்குக் குமோக்கிடம் பதில் இல்லை. பதில் இல்லாமல் அவள் உட்கார்ந்திருந்ததை இந்தத் தொடரின் பத்தொன்பது வாரத்தில் இன்றைக்குத்தான் பார்க்கிறோம்.

இருபது நிமிஷம் போனது. அரைமணி போனது. வாசலில் பியோ ஒரு சிகரெட்டைக் கையில் வைத்துக்கொண்டு, பற்றவைக்க மறந்து நின்றார்.

"அத்தை, மீசை!"

"காத்துல ஆடியிருக்கும்."

"உள்ள ஏது அத்தை காத்து?"

குமோக் மூச்சைப் பிடித்தாள். ஆமாம். நெஞ்சுக்கூட்டின் மேலே, தன் இதயத் துடிப்புக்குப் பக்கத்தில், வேறொரு துடிப்பு. நூல் மாதிரி மெலிசாக. அப்புறம் ஒரு நடுக்கம். அப்புறம் நாலு கால்களின் நகமும் ஒன்றாகப் பதிந்தது.

"ஆ! பிறாண்டுது! சனியன், பிறாண்டுது!"

இந்த உலகத்தில் யாரும் வலியை அவ்வளவு சந்தோஷமாகக் கூவியிருக்க மாட்டார்கள். சொல்பி குதித்தாள். குதித்தவள் உடனே சத்தத்தை நினைத்து வாயைப் பொத்திக்கொண்டாள். ஹேரான் டாக்டரிடம் போனில் சொல்லிக்கொண்டே அழுதாள். பியோ தொப்பியை மாட்டிக்கொண்டு, "டேய், வாங்கடா, சாப்பிடலாம்!" என்று கத்தினார். அங்கேயே நடைபாதையில், இறக்கி வைத்த புத்தகப் பெட்டிகளின் மேல் உட்கார்ந்து, கொழகொழவென்று ஊறிப்போன நூடுல்ஸை எல்லோரும் உறிஞ்சினார்கள். ஹாரன் அடித்த ஓட்டுநருக்கும் ஒரு கிண்ணம். அதைவிட ருசியான நூடுல்ஸ் அந்தத் தெருவுக்கு வந்ததே இல்லை என்று எல்லோரும் சத்தியம் செய்தார்கள்.

"மோதிரம் கிடைச்சுதாம்மா?" என்றார் பியோ, வாய் ஓரத்துக் கறுப்பைத் துடைத்தபடி.

"சாப்பிடுற வேலையைப் பாருங்க" என்றாள் குமோக். ஆனால் தன் கிண்ணத்திலிருந்த வறுத்த டம்ப்ளிங்கை எடுத்து அவர் கிண்ணத்தில் போட்டாள்.

லாரியை மறுபடி ஏற்றி, சாவியைப் புதுக் குடும்பத்திடம் கொடுத்தபோது மணி இரண்டரை. மருத்துவர் தொத்தோரியைப் புரட்டிப் பார்த்து, துளிச் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தார். அது இரண்டு கன்னமும் உப்ப விதை திணித்துக்கொண்டதைப் பார்த்துவிட்டு, "உங்க எல்லாரையும்விட இது தெம்பா இருக்கு" என்றார். அதன் பழைய கூட்டையே கூண்டில் போடச் சொன்னார். தெரிந்த வாசனை இருந்தால் புது வீட்டில் பயப்படாதாம்.

மூணேகாலுக்குத் தேஷிக்கின் கார் ஆற்றுப் பாலத்தை நெருங்கியது. முன் சீட்டில் ஹேரான். பின் சீட்டில் சொல்பிக்குப் பக்கத்தில், கூண்டை மடியில் வைத்துக்கொண்டு குமோக். கிளிப்பை மூன்று தரம் அழுத்திப் பார்த்துவிட்டாள்.

"கூண்டு யார் ரூம்ல வைக்கப்போறோம்?" என்றான் தேஷிக்.

"அத்தை ரூம்ல" என்றாள் சொல்பி, யோசிக்காமல். "நான் காலையில நாலரைக்கு அங்க வந்துடுவேன். அப்பா, எனக்குக் கடிகாரம் வேணும்."

குமோக் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஆற்றைப் பார்க்கிறாளாம்.

சொல்பி கூண்டில் போடுவதற்காக, பிளாஸ்டிக் பையிலிருந்த கூட்டைத் தனித்தனியாகப் பிரித்துக்கொண்டிருந்தாள். பஞ்சு ஒரு பக்கம், டிஷ்யூ ஒரு பக்கம். "அத்தை, இதுல எழுத்து இருக்கு."

"ஏதாவது பில்லா இருக்கும். தபாலை எல்லாம் அந்தக் கிம்ச்சிப் பெட்டிமேலதானே போட்டு வைப்பீங்க? பின்னால விழுந்திருக்கும்."

"பில் இல்ல. பேனாவால எழுதியிருக்கு. உங்க பேர் இருக்கு பாருங்க. 'அன்புள்ள குமோக்...'" சொல்பி துண்டுகளைச் சீட்டின் மேல் வரிசையாக அடுக்கினாள். ஓரமெல்லாம் ஹாம்ஸ்டர் கடித்த பல்வரிசை. "இதுல '24, சனிக்கிழமை'. இதுல 'நாலு மணிக்கு உன் வீட்டு வாசலில்'. இது பாதிதான் இருக்கு... 'நீ இறங்கி வராவிட்டால், இனி எழுத மாட்டேன்'."

தேஷிக் கண்ணாடி வழியாகப் பின் சீட்டைப் பார்த்தான்.

"இன்னிக்குத் தேதி என்ன?" என்றாள் ஹேரான் மெதுவாக. இருபத்துநாலு என்று அவளுக்குத் தெரியும். இருந்தும் கேட்டாள்.

குமோக் ஒரு துண்டை எடுத்துக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். கடைசி எழுத்தை மேலே இழுத்துச் சுழிக்கிற அந்தக் கையெழுத்தை அவள் பார்த்து முப்பத்திரண்டு வருஷம் ஆகிறது. அவள் காது நுனி சிவந்தது. ஐம்பத்தெட்டு வயதில் காது சிவக்குமா என்று கேட்காதீர்கள். சிவந்தது.

"அத்தை, யார் இது?"

"தேஷிக்" என்றாள் குமோக். அறுநூறு பிள்ளைகளை அடக்கின குரல் எங்கே போயிற்றோ, காற்று மாதிரி வந்தது. "வண்டியைத் திருப்பு."

"அக்கா, பாலத்துல ஏறிட்டோமே! அதுவும் குடிபோற வழியில திரும்பிப் பாக்கவே கூடாதுன்னு நீதானே..."

"நீ பாக்காத. முன்னால பாத்து ஓட்டு." கூண்டை மருமகள் மடியில் வைத்துவிட்டுக் குமோக் கண்ணாடியில் தலைமுடியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். "நான் பாத்துக்கறேன்."